சாரீரம் பிறப்பில் வருவதா?

சங்கீத உலகத்தில் குரலுக்குச் சாரீரம் என்று பெயர். 'ஞானம் இருக்கு, சாரீரம் இல்லை' என்பார்கள். 'சாரீரம் இருக்கு, ஞானம் பத்தாது' என்பார்கள். கேட்கிறவனுக்கு ஏதோ குரல் வளத்தைப் பற்றிய சாதாரணப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் இந்தச் சொல்லுக்குள் ஒரு சாத்திரமே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னன் சிங்கணனின் ஆதரவில் இருந்த சார்ங்கதேவர் எழுதியது சங்கீத ரத்னாகரம். இந்திய இசை இலக்கணம் பேசுகிற எவரும் அதைத் தொடாமல் போக முடியாது. அந்த நூல் சாரீரத்துக்கு விளக்கம் தருகிறது. பயிற்சி இல்லாமலேயே ராகத்தை வெளிப்படுத்துகிற ஆற்றல் எந்தக் குரலுக்கு உண்டோ அது சாரீரம். சரீரத்தோடு கூடவே பிறப்பதால் அந்தப் பெயர். சரி, அப்படிப்பட்ட குரல் ஒருத்தருக்கு எப்படி வாய்க்கிறது? வித்யாதானத்தால், தவத்தால், சிவபக்தியால், பெரும் பாக்கியத்தால் என்கிறது நூல். உடம்போடு பிறக்கிற ஒன்றை உடம்புக்கு முந்திய புண்ணியம்தானே தர முடியும்? நம்மைச் சேரிக்கு அனுப்பிய அதே கணக்குப்பிள்ளைதான் தொண்டைக்கும் கணக்கு எழுதியிருக்கிறான்.

பத்தாவது முடித்த வருசம் பாட்டு கற்றுக்கொள்ளலாம் என்று டவுனில் ஒருவரிடம் போனேன். பேர் வேண்டாம். எந்த ஊர் என்றார், சமயபுரம் பக்கம் என்றேன். எந்தத் தெரு என்றார், சொன்னேன். ஒரு வரி பாடச் சொன்னார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "இது சாரீரமில்ல தம்பி, கத்தல். வெளியில பாடற குரல்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி உண்மை. வெளியில் பாடுகிற குரல்தான். யார் வெளியில் நிறுத்தியது, வெளியில் நின்று தலைமுறை தலைமுறையாகப் பாடினால் ஒரு குரல் என்னவாக ஆகிறது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது. இதற்கு வரலாறு மட்டும் போதாது, கொஞ்சம் உடம்பையும் திறந்து பார்க்க வேண்டும்.

குரல் எங்கே பிறக்கிறது? தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இதற்குப் பதில் இருக்கிறது. உந்தியிலிருந்து காற்று கிளம்புகிறது. தலை, மிடறு, நெஞ்சு என்று மூன்று இடங்களில் நிலைகொள்கிறது. பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் இவற்றில் பட்டு வெவ்வேறு ஒலியாகிறது. அவ்வளவுதான். இதில் தவமும் இல்லை, பாக்கியமும் இல்லை. காற்றும் உறுப்பும்தான் இருக்கின்றன. கருவிகளை வகை பிரித்த பழைய தமிழ் மரபும் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்பவற்றோடு மிடற்றுக்கருவி என்று தொண்டையையும் ஒரு கருவியாகத்தான் சேர்த்தது. கருவி என்றால் பழகியவனுக்கு வரும், பழகாதவனுக்கு வராது. ஏழு சுரங்களில் முதல் சுரத்துக்கே குரல் என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்.

அந்தக் கருவியைக் கண்ணால் முதலில் தெளிவாகப் பார்த்துச் சொன்னவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மானுவல் கார்சியா என்ற ஸ்பானியர். பாரிசிலும் லண்டனிலும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். 1854இல் பல் டாக்டர் வைத்திருக்கிற சின்னக் கண்ணாடியைத் தன் வாய்க்குள் விட்டு, வெயிலை இன்னொரு கண்ணாடியால் திருப்பி, தன் தொண்டைக்குள்ளேயே குரல்நாண்கள் திறந்து மூடுவதைப் பார்த்தார். அடுத்த வருசம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை எழுதிக் கொடுத்தார். பார்த்தது என்ன? இரண்டு சதை மடிப்புகள். ஆணுக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர், பெண்ணுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நுரையீரல் காற்று கீழிருந்து தள்ள, இவை படபடவென்று சேர்ந்து பிரிகின்றன. ஐந்து கட்டையில் பாடுகிற ஒரு பெண் மேல்சட்ஜமத்தைப் பிடிக்கும்போது நொடிக்கு 392 தடவை. அம்பாளுக்குப் பாடினாலும் பிணத்துக்குப் பாடினாலும் 392தான்.

ஆனால் குரல்நாண் எழுப்புவது வெறும் ரீங்காரம். அதற்கு நிறமும் பலமும் கொடுப்பது அதற்கு மேலே உதடு வரைக்கும் உள்ள குழல்: தொண்டை, வாய், நாக்கு, தாடை. குழலின் வடிவத்தை மாற்றினால் எந்த அதிர்வு பெருகும், எந்த அதிர்வு அமுங்கும் என்பது மாறுகிறது. ஸ்வீடன்காரர் யோஹான் சுண்ட்பெரி இதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகச் செய்தவர். பாடும் குரலின் அறிவியல் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1987இல் ஆங்கிலத்தில் வந்தது. மைக் இல்லாத ஐரோப்பிய இசை நாடகத்தில் ஒரு ஆள் எப்படி அத்தனை வயலின்களையும் தாண்டிக் கேட்கிறார் என்ற கேள்விக்கு அவர் பதில் கண்டார். குரல்நாணுக்குச் சற்று மேலே குழலை ஒடுக்கி, தொண்டையைக் கீழே தாழ்த்தி, நொடிக்கு 3000 அதிர்வு அளவில் ஒலியைக் குவிக்கிறார்கள். வாத்தியங்களின் பலம் அந்த இடத்தில் குறைவு. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தச் சுற்றுவட்டத்தில்தான். அதனால் கூடுதல் மூச்சுச் செலவில்லாமல் குரல் ஊடுருவிப் போகிறது. பயிற்சியால் வருகிற வித்தை இது.

உரக்கப் பாட இன்னொரு வழியும் இருக்கிறது. வாயை அகலத் திறந்து, தாடையை இறக்கி, குழலைச் சுருக்கி, அதன் முதல் ஒத்திசைவை மேலே ஏற்றி, பாடுகிற சுரத்தின் இரட்டிப்பு அதிர்வோடு பொருத்துவது. பல்கேரிய நாட்டுப்புறப் பெண்களின் உரத்த பாட்டை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2007இல் இதைத்தான் எழுதினார்கள். வயலிலும் மேட்டிலும் பாடிப் பழகிய பெண்கள் அவர்கள். அந்தப் பாட்டு இன்று உலக மேடைகளில் கைதட்டு வாங்குகிறது. அதைக் கத்தல் என்று யாரும் சொல்வதில்லை.

எங்க அம்மாயி ஒப்பாரிக்குப் போனவள். பெருவளை வாய்க்கால் பாய்கிற வயல்களில் நடவுக்கும் போனவள். அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று யாரும் நினைத்ததில்லை, அவளே நினைத்ததில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்தாள். வாய்க்கால் கரையில் எங்களை நிறுத்தி, எதிர்க்கரையில் களை எடுக்கிறவளைக் கூப்பிடச் சொல்வாள். "நெஞ்சால முக்காத. வயித்துலேருந்து வரட்டும். வாய ஒளிக்காத புள்ள, பல்லு தெரியட்டும்." எதிர்க்கரைக்காரி தலைநிமிர்ந்தால் பாஸ். இல்லையென்றால் திரும்பவும். முக்கினால் தொண்டை இறுகும், இறுகினால் சத்தம் போகாது என்பதை அவள் சுண்ட்பெரியைப் படித்துச் சொல்லவில்லை.

நடவுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குனிந்த முதுகோடு நாள் முழுக்கப் பாட வேண்டும். குனிந்தால் வயிறு மடிகிறது, உதரவிதானம் தாராளமாக இறங்க இடமில்லை, மூச்சு குட்டையாகிறது. அதனால்தான் அடிகள் குட்டை. ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, எடுத்தவளுக்கு அந்த நேரத்தில் மூச்சு வாங்க வாய்ப்பு. 'எளிய மெட்டு, திரும்பத் திரும்ப வரும் அடி' என்று நாட்டுப்புறவியல் புத்தகங்களில் கொஞ்சம் பரிவோடு எழுதுவார்கள். எளிமை ஒன்றும் இல்லை அதில். வளைந்த உடம்புக்கு அளந்து வெட்டிய பாட்டு அது. ஒப்பாரியில் இதுவே வேறு மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்து, கைகள் தோளில் பின்னி, நீண்ட இழுப்பு. விளரி என்று பழைய நூல்கள் சொல்கிற இரங்கற்பண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஆராய்கிறவர்கள் சேரியில் ஒரு சாவுக்கு வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் ஆராய்ச்சிக்கு நல்லது. அம்மாயிக்குக் கூலி நெல், சில நேரம் ஒரு பழைய சேலை. பெரிய வீட்டுச் சாவுக்கு அவள் குரல் வேண்டும், அதுவும் தெருவில் நின்று. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அதே குரல் தீட்டு.

தெருவில் நின்று, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பாடிய கதை எங்கள் திருச்சிச் சீமைக்குப் புதுசில்லை. உறையூரில் பிறந்தவர் என்று சொல்லப்படுகிற திருப்பாணாழ்வார் பாணர் குலம். தீண்டப்படாதவராக, காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனை நோக்கிப் பாடினார் என்பது குருபரம்பரைக் கதை. தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னார். பாட்டில் கரைந்திருந்தவருக்குக் காதில் விழவில்லை. கல்லெறிந்தார். அப்புறம் அரங்கன் கோபித்துக்கொண்டு, 'போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வா' என்றானாம். தோளில் ஏறி வந்ததால் முனிவாகனர் என்று பேர். உள்ளே போனார், அமலனாதிபிரான் என்ற பத்துப் பாசுரம் பாடினார், அங்கேயே அரங்கனுக்குள் மறைந்தார். வெளியே வரவில்லை. தில்லைக்குள் போன நந்தனும் வெளியே வரவில்லை. நம் ஆட்கள் உள்ளே போனால் திரும்பி வருகிற மாதிரி ஒரு கதையும் ஏன் இல்லை?

நான் இந்தக் கதையை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். பயின்ற ஒரு குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் இருக்கிறது என்று வையுங்கள். சிந்தாமணி பக்கம் காவிரியின் அகலம் அரைக் கிலோமீட்டருக்கு மேல். ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று ஒன்பது தடவை இரட்டித்தால் 512 மீட்டர். 54 டெசிபல் போய்விட்டது. மிச்சம் 36. அதுவும் வெறும் கரை வரைக்கும். அங்கிருந்து கோயிலுக்கு இன்னும் தூரம், அப்புறம் ஏழு மதில். அந்தக் குரல் சன்னதியில் கேட்டிருக்க வழியே இல்லை. அவரை அங்கே நிறுத்தியவர்களுக்கும் இது தெரியும். கேட்கக்கூடாது என்பதுதானே தூரத்தின் அர்த்தம்.

உள்ளே பாடியவர்களுக்கு என்ன கிடைத்தது? கருங்கல் மண்டபம். கல் ஒலியை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். ஒரு சுரம் நின்ற பிறகும் அதன் கார்வை கொஞ்ச நேரம் தொங்கும். அங்கே மெல்லப் பாடினால் போதும். உரக்கப் பாடினால் சொல்லோடு சொல் குழம்பும். மண்டபத்தில் வளர்ந்த குரல் மிருதுவாக, உள்ளடங்கி இருப்பதற்குக் காரணம் கூரை. வெயிலில், பறைக்குப் பக்கத்தில் வளர்ந்த குரல் திறந்து, கூர்மையாக இருப்பதற்குக் காரணம் கூரையில்லாமை. முதலாவதுக்கு இனிமை என்றும் இரண்டாவதுக்குக் கத்தல் என்றும் பேர் வைத்தது யார் என்பதுதான் வழக்கு.

பாணர்கள் எப்போதும் வெளியில் நின்றவர்கள் இல்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் குடிகள் நான்கு என்று எண்ணுகிறார்: துடியன், பாணன், பறையன், கடம்பன். இந்த நாலில் கொட்டுகிறவர்களும் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாணரும் பாடினியும் வேந்தர் அவைகளில் பாடினார்கள், பொற்பூ வாங்கினார்கள். பிறகு என்ன ஆனது? பாட்டு கோயிலுக்குள் போனது, பாடியவர்கள் வெளியே வந்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிப் பட்டியலில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டைப் பகுதிக்கும் பாணன் என்ற பெயர் இருக்கிறது.

இதில் இன்னொரு செய்தி, கற்பித்தல் சம்பந்தப்பட்டது. தில்லையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். ஏடு கிடைத்தது, ஆனால் எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. பண் ஏட்டில் இருக்காது, தொண்டையில் இருக்கும். திருமுறைகண்ட புராணம் சொல்கிறபடி, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்துத்தான் பண் அமைக்க வேண்டியிருந்தது. இன்று ஓதுவார்கள் பாடுகிற பண்முறைக்கு மூலம் ஒரு பாணர் பெண் என்று சைவ மரபே ஒத்துக்கொள்கிறது. மன்னனுக்குப் பேர் இருக்கிறது, நம்பிக்குப் பேர் இருக்கிறது, தில்லைக்குப் பேர் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவளுக்குப் பேர் இல்லை.

சமயபுரத்து ஆத்தாளுக்கும் இப்படி ஒரு வெளியேற்றக் கதை உண்டு. அவள் முதலில் ஸ்ரீரங்கத்தில் வைணவியாக இருந்தாளாம். உக்கிரம் தாங்கவில்லை என்று அங்கிருந்த ஜீயர் வெளியே கொண்டுபோகச் சொன்னாராம். தூக்கிவந்தவர்கள் கண்ணனூரில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்களாம். இப்போது இருக்கிற கோயில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசயராய சக்கரவர்த்தி கட்டியது என்கிறார்கள். உக்கிரம் என்பது உருவத்தில் மட்டும் இருப்பதா, அவளுக்கு முன் எழும்பிய ஓசையிலும் இருந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம். உடுக்கை, பம்பை, பறை, குலவை, சாமி வந்து கத்துகிற பெண். இதெல்லாம் ஏழு மதிலுக்குள் அடங்குகிற ஓசையா? மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினால் 28 நாள் ஆத்தாளே பச்சைப் பட்டினி கிடப்பாள். அந்த நாட்களில் கொள்ளிடம் பாலம் தாண்டி நடந்து வருகிற கூட்டத்தைக் கேட்க வேண்டும். குஜிலிப் பதிப்பில் பெரிய எழுத்தில் விற்ற மாரியம்மன் தாலாட்டைப் பாட்டி ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள். நடவுப் பாட்டின் அதே ஏற்பாடு. நடக்கிற உடம்புக்கும் மூச்சு வேண்டுமே.

அந்தப் பாட்டையெல்லாம் அமுக்கிக்கொண்டு கூம்பு ஒலிபெருக்கி வந்தது. அதில் வந்த குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் சினிமாவில் கோரஸ் பாடியவர். முறையான சங்கீதப் பாடம் இல்லாமல் வளர்ந்தவர். தமிழ்நாட்டு அம்மன் கோயில்கள் அத்தனைக்கும் ஆடி மாதத்தில் அவர்தான் குரல். கூம்பு ஒலிபெருக்கி அடிச்சுரத்தையும் உச்சத்தையும் தின்றுவிட்டு நடுப்பகுதியை மட்டும் துப்பும். மண்டபத்துக் குரலை அதில் விட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும். திறந்த, பளீரென்ற குரல் அதில் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். ஆத்தாளுக்கு வெளிக்குரல்தான் பொருத்தம் என்று தகரமே சாட்சி சொன்னது.

ஒலிபெருக்கிக்கு முன்னால் இருந்த நாடக மேடையைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஆயிரக்கணக்கான பேர், மண்ணெண்ணெய் விளக்கு, கொட்டகை, விடிய விடியப் பாட்டு. கடைசி வரிசைக்காரன் காசு கொடுத்தவன், அவனுக்குக் கேட்க வேண்டும். ஆண்களே நாலு கட்டை, ஐந்து கட்டை என்று பாடினார்கள். செங்கோட்டை கிட்டப்பா 1933இல் 30 வயதைக்கூடத் தொடாமல் செத்துப்போனார். திருச்சியில் வளர்ந்த பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை தியாகராஜ பாகவதர் அந்த மேடையிலிருந்துதான் சினிமாவுக்குப் போனார். கொடுமுடி சுந்தராம்பாள் ரயிலில் பாடிப் பிச்சை வாங்கிய குடும்பத்துப் பெண். இவர்கள் குரலை யாரும் வெளிக்குரல் என்று தள்ளவில்லை, தள்ளவும் முடியாது. நாடகக் கொட்டகையும் வாய்க்கால் கரையும் குரலிடம் கேட்டது ஒன்றைத்தான்: எட்டு, அந்தப் பக்கம் எட்டு. ஆனால் கொட்டகை சம்பளம் தந்தது. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடிக்க சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய். மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராக வந்தார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தன். நந்தன் பாட்டை யார் யாரோ பாடினார்கள். சேரித் தொண்டை ஒன்றுக்கும் அந்த வாய்ப்பு வரவில்லை. இதைச் சொன்னால் 'கலையில் சாதி பார்க்கிறீர்கள்' என்பார்கள். பார்த்தது நாங்களா?

பையன்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு என்று ஒரு சொல் புழங்கியது. 13, 14 வயசில் குரல் உடைவதற்குப் பேர். குரல்வளை வளர்கிறது, நாண் நீள்கிறது, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இயற்கை. ஆனால் நேற்று வரை பாலபார்ட் ஆடியவன் இன்று கூட்டத்தில் ஒருவன். கொஞ்ச காலம் மெதுவாகப் பாட வைத்துக் காத்திருந்தால் பாதி பேருக்குப் புதுக்குரல் வந்திருக்கும். சாரீரம் போச்சு என்று கைகழுவிவிட்டால் வராது. பிறப்பில் வருவது என்று நம்புகிறவனுக்குப் போனதைத் திரும்ப உண்டாக்கலாம் என்று தோன்றாது. இதுதான் அந்தச் சாத்திரத்தின் நடைமுறைத் தீங்கு.

கற்பித்தலைப் பற்றி வேறு மாதிரி யோசித்தவர் ஒருவர் நமக்குள் இருந்தார். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு. பறட்டை அண்ணன் என்றால் தெரியும். 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் தெரிந்த மனுசன், தெரிந்துகொண்டே இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, வழிபாட்டைப் பேச்சுத் தமிழிலும் நாட்டுப்புற மெட்டிலும் கொண்டுவந்தார். அவர் வாதம் எளிது. கீர்த்தனையை இயற்றியவன் சொன்ன மாதிரிதான் பாட வேண்டும், மாற்றினால் தப்பு. நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவள் தன் ஊருக்கு, தன் வலிக்கு ஏற்ப மாற்றலாம், மாற்றினால்தான் அது பாட்டு. அதனால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு அது கருவியாகும். அவரைப் பற்றி அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோயி ஷெரினியன் 2014இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். பறட்டை அண்ணன் பாட்டின் உரிமையை மீட்டார். தொண்டையின் உரிமையை, அதாவது குரலை எப்படிக் காப்பது, எப்படி வளர்ப்பது என்ற அறிவை, நாம் இன்னும் மீட்க வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏனென்றால் நம் பெண்களின் குரல் கெட்டுப்போகிறது. இது யாரும் பேசாத விசயம். இப்போது எங்கள் பக்கத்தில் பறைக் குழுவில் பெண்கள் இருக்கிறார்கள், நிகழ்ச்சிக்குப் போகிறார்கள், மேடையில் பாடுகிறார்கள். சந்தோசம்தான். ஆனால் பக்கத்திலேயே பறை, முன்னால் ஆளுயரப் பெட்டி, தன் குரல் தனக்குக் கேட்காது. சத்தம் கூடினால் மனிதன் தானறியாமலே குரலை உயர்த்துவான் என்று 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். அதுதான் நடக்கிறது. வயிற்றிலிருந்து வரவேண்டியது தொண்டையில் முட்டுகிறது. நாண்கள் ஒன்றோடொன்று ஓங்கி மோதி, முன் மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேர்கிற இடத்தில் காய்ப்பு விழுகிறது. கடப்பாரை பிடித்த கையில் விழுகிற மாதிரிதான். குரல் கரகரக்கும், மேலே ஏறாது, காற்று கசியும். 'ராத்திரி பூரா பாடினா, தொண்ட கட்டிக்கிச்சி' என்று சுக்கும் பனங்கற்கண்டும் கொடுத்து மறுநாள் மேடை ஏற்றிவிடுகிறோம். அம்மாயி இப்படிப் பாடியவள் இல்லை. எடுத்துக்கொடுப்பவளுக்கு நடுநடுவே ஓய்வு என்ற பழைய ஏற்பாட்டை மைக் தின்றுவிட்டது. ஒருத்தியே இரண்டு மணி நேரம் பாடுகிறாள், மற்றவர்கள் ஆடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் கொஞ்சம் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைக்கிறேன். முதல் வேலை அவரவர் கட்டையைக் கண்டுபிடிப்பது. ஆர்மோனியத்தில் எல்லோரையும் ஒரே கட்டையில் கட்டிப்போடுகிற பழக்கம் நமக்கு வேண்டாம். மகரக்கட்டு உடைகிற பையனை இறங்கிப் பாட விடுகிறேன், பாடுவதை நிறுத்தச் சொல்வதில்லை. அடுத்தது இளநீர்க்கடை ஸ்ட்ரா. ஒரு டம்ளர் தண்ணீரில் அதை விட்டு, 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே இழுத்து ஊதவேண்டும். பிள்ளைகளுக்குச் சிரிப்பு. வாய்ப்பக்கம் ஒடுங்கும்போது காற்று பின்னால் திரும்பி அழுத்தி, நாண்கள் ஓங்கி அறையாமல் மெல்லத் தொட்டு அதிர உதவுகிறது. அமெரிக்காவில் இங்கோ டிட்சே என்ற அறிவியலாளர் விளக்கிப் பரப்பிய பயிற்சி இது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. அப்புறம் அம்மாயியின் பாடம். கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, பிறகு வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு, பிறகு வாய்க்காலுக்கு. முக்காமல் எட்ட வேண்டும். சரளி வரிசையும் சொல்லிக்கொடுக்கிறேன். புரந்தரதாசர் பேரில் வழங்குகிற அந்தப் படிக்கட்டு நல்ல படிக்கட்டுதான், அதன்மேல் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் தகராறு.

பறைக் குழுப் பெண்களுக்கு ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மேடையில் பாடுகிறவள் பக்கம் திருப்பி ஒரு சின்னப் பெட்டி வைக்கச் சொல்லி சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சண்டை போடுங்கள், முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே. அரை மணிக்கு ஒருதரம் ஆள் மாறுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் திருச்சி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள், கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள். ஒருத்தி போனாள். பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, உள்ள ரெண்டு வெள்ளத் தோலு மாதிரி ஆடுதுண்ணே, அதுதானா இம்புட்டுப் பாட்டும்?" என்றாள். காய்ப்பு சின்னது, ஓய்வும் பயிற்சியும் போதும் என்றார்களாம்.

உறையூரில் பஞ்சவர்ணசுவாமி கோயில் இருக்கிறது. திருப்பாணாழ்வார் பிறந்த அதே உறையூர். 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்து அறுபது வருசம் ஆகிற சமயத்தில், அந்தக் கோயிலில் ஒரு தலித் பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். கருங்கல் மண்டபத்துக்குள் நின்று, எருக்கத்தம்புலியூர்க்காரி அமைத்த பண்ணில் பாடினார். முனிவர் தோள் எதுவும் தேவைப்படவில்லை, பாடிவிட்டுச் சாயந்திரம் வீட்டுக்கும் போனார். என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஒருத்தி, ஐந்தரைக் கட்டைக்காரி, மாவட்ட அரசு இசைப்பள்ளியில் தேவார வகுப்புக்கு மனுப் போடலாமா என்று கேட்டாள். மூணு வருசப் படிப்பு. போடலாம் என்றேன். விண்ணப்பத்தை இப்போது இரண்டு பேருமாக நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.